அடைத்து வைத்தல் மருத்துவம் ஆகாது

பெண்ணை விரும்பும் பெண்ணைப் போதைக்கு அடிமையானவள் என்று சொல்லிவிட்டால், அவளைப் பூட்டி வைப்பதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. 2025 மே 22ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்துவைத்த ஆட்கொணர்வு வழக்கொன்று இதற்குச் சான்று. வேலூர் மாவட்டக் காவல்துறையை எதிர்த்து வந்த அவ்வழக்கில், 25 வயது நிரம்பிய பெண்ணொருவர் தம் விருப்பத்துக்கு மாறாகப் பிறந்த வீட்டில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார். மகள் போதைப் பழக்கத்துக்கு ஆளாகிவிட்டாள், தோழியே அவளைக் கெடுத்தவள் என்பது தாயின் முறையீடு. நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் இருவரும் அப்பெண்ணிடமே நேரில் கேட்டறிந்தார்கள். எப்பழக்கத்துக்கும் அடிமையானவராக அவர் தோன்றவில்லை, அவ்வாறு பழி சுமத்துவது முறையன்று என்று பதிவுசெய்தார்கள். வலிந்து இழுத்துச் செல்லப்பட்டதையும், அடிபட்டதையும், 'இயல்பானவளாக' மாற்றுவதற்கெனச் சடங்குகளுக்கு உட்படுத்தப்பட்டதையும் அப்பெண் எடுத்துரைத்தார். அவர் விரும்பியபடி தோழியோடு செல்லலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பம் அமைப்பதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும் கூறிற்று.

அப்பெண் மீது சுமத்தப்பட்டது வீண்பழி. ஆனால், பழி உண்மையாகவே இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? அவர் குடிப்பவராகவே இருந்திருந்தால், பூட்டிய அறை நியாயமாகிவிடுமா? இக்கேள்வியையே இன்று தேனி மாவட்டத்தின் முன்னும், கம்பம் பள்ளத்தாக்கின் பெற்றோர், மருத்துவர், காவலர் முன்னும் வைக்கிறோம்.

வேலூர் தொலைவில் இருக்கிறது, இது பட்டணத்துச் சங்கதி என்று நாம் ஒதுங்கிக்கொள்வதற்கில்லை. தன்பால் விருப்பம் கொண்டோரின் உரிமைக்காகத் தமிழ்நாட்டில் பிறந்த முதன்மையான நீதிமன்ற ஆணை மதுரையிலிருந்து புறப்பட்ட ஒரு வழக்கின் பயன். 1996 வரை தேனியும் அம்மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியே. 22 வயதும் 20 வயதுமான இரண்டு பெண்கள், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையை விட்டுச் சென்னைக்குப் போனார்கள். மதுரைக் காவல்நிலையங்களில் 'பெண்ணைக் காணவில்லை' என்று புகார்கள் பதிவாயின. பாதுகாப்பு வேண்டி 2021இல் அவர்கள் உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். வழக்கைக் கேட்ட நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தம் அறிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, வித்யா தினகரன் என்ற உளவியலரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஆணை எழுதினார். 2021 ஜூன் 7ஆம் நாளின் அவ்வாணை இரண்டு செய்திகளைத் தெளிவாக்கிற்று. காணாமற்போனதாகச் சொல்லப்படுவோர் வயது வந்தவர்கள், தம் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்பவர்கள் என்று தெரிந்தால், அவர்களின் வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டு காவல்துறை புகாரை முடித்துவிட வேண்டும். பால் ஈர்ப்பை மருந்தாலோ ஆலோசனையாலோ மாற்ற முயல்வது தடைசெய்யப்பட வேண்டும்.

ஆணை பிறந்தது. அது நம் தேனி மாவட்டத்துக் கூடலூருக்கும் சின்னமனூருக்கும் போடிக்கும் வந்து சேர்ந்ததா?

மேற்கே கேரளத்து மலையும் கிழக்கே மேகமலைத் தொடரும் நிற்க, நடுவே முல்லைப் பெரியாற்று நீரால் வாழும் பள்ளத்தாக்கு இது. ஊர்கள் நெருங்கியவை, உறவுகள் அவற்றினும் நெருங்கியவை. விடியுமுன்னரே பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு மலையேறுகிறார்கள். யார் யாரோடு அமர்ந்தார், யார் யாரோடு பேசவில்லை என்பது மாலை திரும்புவதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும். பெண்ணொருத்திக்குத் திருமணப் பேச்சு பெரும்பாலும் அவள் பிறந்தபோதே தொடங்கிவிடுகிறது. தாய்மாமன் வீடு உண்டு, அத்தை மகன் உண்டு, முறை உண்டு. அவள் 'வேண்டாம்' என்றால் மறுக்கப்படுவது ஒரு மாப்பிள்ளை மட்டுமில்லை. இரண்டு தலைமுறைக் கொடுக்கல் வாங்கலும், தங்கையின் திருமணமும், தாயின் பிறந்த வீட்டு வாசலும் அந்த ஒரு சொல்லில் தொங்குகின்றன. வேறொருவனைக் காதலிக்கிறேன் என்றாலாவது அது வீட்டாருக்கு விளங்கும் சண்டை. 'ஆணையே வேண்டாம்' என்பதற்கோ 'பெண்ணையும் விரும்புகிறேன்' என்பதற்கோ வீட்டாரிடம் செவியில்லை. ஆகவே அவள் சொல்வதில்லை.

சொல்லாமல் வாழ்வது உடம்பை என்ன செய்யும் என்பதை அறிவியல் ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்க அறிஞர் இலான் மேயர் 2003இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறைக்கு அடிப்படையாயிற்று. பாலியல் சிறுபான்மையினர் மீது விழும் சுமையை அவர் அடுக்கடுக்காகப் பிரித்தார். வெளியிலிருந்து வரும் இழிசொல்லும் அடியும் ஓர் அடுக்கு. அவை எப்போது வருமோ என்று எந்நேரமும் விழித்திருப்பது மற்றோர் அடுக்கு. தன்னை மறைத்துக்கொள்ளும் ஓயாத உழைப்பு மூன்றாவது. ஊர் சொல்லும் இழிவைத் தானே நம்பித் தன்னை வெறுப்பது, எல்லாவற்றிலும் ஆழமான நான்காவது. அடி விழாத நாளிலும் மற்ற மூன்றும் நடந்துகொண்டே இருக்கின்றன. மனச்சோர்வும் பதற்றமும் அங்கிருந்து பிறக்கின்றன. தன்பால் விருப்பத்திலிருந்து அவை பிறப்பதில்லை.

மது அந்த இடத்தில்தான் நுழைகிறது. தன்பால், இருபால் ஈர்ப்புள்ள பெண்களின் குடிப்பழக்கத்தை டோண்டா ஹியூஸ் என்ற செவிலியர் கல்விப் பேராசிரியர் சிகாகோ நகரில் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார். அவருடைய ஆய்வும் பிற நாட்டு ஆய்வுகள் பலவும் ஒரே திசையைக் காட்டுகின்றன. மற்றப் பெண்களைவிட இவர்களிடம் தீங்கு தரும் அளவிலான குடி மிகுதி. இருபால் ஈர்ப்புள்ள பெண்களிடம் அது இன்னும் மிகுதி என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. 'ஆணையும் பிடிக்கும் என்றால் பேசாமல் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே' என்பது வீட்டின் வாதம். 'என்றைக்கிருந்தாலும் நீ ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விடுவாய்' என்பது தோழியின் ஐயம். இரு கரையிலும் இடமில்லாதவளாக அவள் ஆகிவிடுகிறாள்.

நம் நாட்டுக் கணக்குகள் இவளைக் காண்பதில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 விழுக்காட்டினர் மது அருந்துவதாகவும், பெண்களில் 0.3 விழுக்காட்டினரே அருந்துவதாகவும் சொல்கிறது. மாமியார் காதில் விழும் தொலைவில் நின்றுகொண்டு, கணக்கெடுக்க வந்தவரிடம் எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? பால் ஈர்ப்பைப் பற்றியோ அக்கணக்கெடுப்பு கேட்பதேயில்லை. அரசே கடை நடத்தி, 2023-24இல் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல் வருவாய் ஈட்டிய மாநிலத்தில், டாஸ்மாக் கடை வாசலில் பெண் போய் நிற்க முடியாது. ஒருவனிடம் பணம் கொடுத்து வாங்கிவரச் சொல்கிறாள். வாங்கித் தருபவன் அவளுடைய மறைவில் பங்காளியாகிறான். பங்காளி ஒருநாள் பகையாளியானால் அவள் கதி என்ன? காதலை மறைக்கக் குடி, குடியை மறைக்கப் பொய், பொய்யை மறைக்கத் தனிமை என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிறது.

குடிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு மது ஒரே அளவு தீங்கு செய்வதில்லை. பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே அளவு குடித்தாலும் இரத்தத்தில் மதுவின் செறிவு கூடுகிறது. கல்லீரல் விரைவில் கெடுகிறது. பதற்றம் தணிய வேண்டி அருந்தும் மது, போதை இறங்கும்போது அப்பதற்றத்தை இரட்டிப்பாக்கித் தருகிறது. அதைத் தணிக்க மீண்டும் குடிக்கிறாள். சோர்வும் குடியும் ஒன்றையொன்று வளர்க்க, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அங்கே இடம் பிடிக்கிறது. 2022இல் நாட்டில் பதிவான 1,70,924 தற்கொலைகளில் 19,834 தமிழ்நாட்டில் நேர்ந்தவை, மராட்டியத்துக்கு அடுத்த எண்ணிக்கை நம்முடையது என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அந்தப் பதிவேட்டில் 'குடும்பப் பிரச்சினை' என்றொரு பத்தி உண்டு. எத்தனை பெண்களின் சொல்லப்படாத காதல் அந்தப் பத்திக்குள் அடங்கிப்போனதோ!

ஆகவே குடிநோய்க்கு மருத்துவம் தேவை. குடி ஒரு நோய், குடிப்பவர் நோயாளி என்பதைத் தமிழ்நாட்டுக்குக் கற்றுத் தந்தவர் 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன். அவர் காட்டிய வழி இத்தனை ஆண்டு கழிந்தும் எல்லாருக்கும் எட்டவில்லை. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார் என்று 2019இல் வெளிவந்த எய்ம்ஸ் ஆய்வு கூறிற்று. இது பெரும்பாலும் ஆண்களைப் பற்றிய கணக்கு. பெண்ணுக்கு, அதிலும் இத்தகைய பெண்ணுக்கு, சிகிச்சை என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பூட்டிய அறையே.

பூட்டுவது இரண்டு வகையில் தீங்கானது. முதலாவது, உடம்பைப் பற்றியது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் தோன்றலாம். கவனியாது விட்டால் உயிரே போகலாம். மருத்துவர் கண்காணிப்பில், உரிய மருந்தோடும் சத்தூசியோடும் படிப்படியாகச் செய்ய வேண்டியதை, வீட்டின் பின்னறையில் தாழ்ப்பாள் போட்டுச் செய்வது கொலைக்கு ஒப்பான அறியாமை. இரண்டாவது, உள்ளத்தைப் பற்றியது. கேரளத்துக் கல்லூரி மாணவி ஒருவர், தம் இருபால் ஈர்ப்பை அறிந்த வீட்டார் தம்மைப் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்து மருந்துகளைத் திணித்ததாகக் காணொளியில் வெளிப்படையாகக் கூறினார். 2020 மே மாதம் அவர் உயிரிழந்தார். அதன்பின் குயிரள என்ற அமைப்பு கேரள உயர்நீதிமன்றத்தை நாட, ஈர்ப்பை மாற்றும் 'சிகிச்சை'களுக்கு எதிராக நெறிமுறை வகுக்குமாறு 2021இல் மாநில அரசுக்கு அந்நீதிமன்றம் ஆணையிட்டது. குமுளி மலைக்கு அந்தப்பக்கம் நடந்தது இந்தப்பக்கம் நடவாது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

சட்டம் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சமூகத்தின் ஒழுக்க வழக்கங்களோடு ஒருவர் ஒத்துப்போகாததைக் கொண்டு அவரை மனநோயாளி என்று முடிவுசெய்யக் கூடாது என்கிறது. பால் ஈர்ப்பைக் காரணம் காட்டி மனநல மருத்துவத்தை மறுக்கவோ வேறுபாடு காட்டவோ கூடாது என்கிறது. நோயாளி சொன்னதைக் காக்கும் கடமையை மருத்துவர் மீது சுமத்துகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்கிறது. மது, போதை தொடர்பான மனநிலைகளும் இச்சட்டத்தில் அடங்குவதால், மறுவாழ்வு மையங்களும் இதன் ஆட்சிக்கு உட்பட்டவையே. பதிவில்லாத மையம் நடத்துவதும், வயது வந்த பெண்ணை வீட்டார் சொற்படி அடைத்து வைப்பதும் சட்டத்துக்குப் புறம்பானவை.

மருத்துவத் துறையும் தன் பழைய பிழையைத் திருத்திக்கொண்டுவிட்டது. தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இல் நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17இல் நீக்கியது. அது நோயன்று என்று இந்திய உளமருத்துவச் சங்கம் 2018இல் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து இவர்களை விடுவித்தது. ஈர்ப்பை மாற்ற முயல்வது மருத்துவ ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. எனினும் அதே ஆணையம் 2024 ஆகஸ்டு இறுதியில் வெளியிட்ட பாடத்திட்டத்தில் பெண்களிடையேயான தன்பால் உறவை இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் சேர்த்திருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. பழைய நோக்கு ஏட்டை விட்டுப் போனாலும் மனத்தை விட்டுப் போகவில்லை என்பதையே இது உணர்த்துகிறது.

நம் பள்ளத்தாக்கில் இதன் பொருள் என்ன என்பதை ஒரு மருத்துவமனை வாசலில் நின்று பார்க்கலாம். உறக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று ஓர் இளம்பெண் ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறாள். பெயர், வயது, தந்தை பெயர் அல்லது கணவர் பெயர், ஊர். எழுதுபவர் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். 'எந்தத் தெரு? யார் மகள்?' என்பார். அன்பில்தான் கேட்பார். உள்ளே மருத்துவர் தலை நிமிராமல் கேட்கும் முதல் கேள்வி, 'கூட யார் வந்திருக்கா?' கூட வந்திருப்பது தாய் அல்லது அண்ணன். குடிப்பழக்கம் உண்டா என்ற கேள்வி பெண்களிடம் கேட்கப்படுவதேயில்லை. கேட்டாலும் அண்ணன் முன்னிலையில் அதற்கு ஒரே விடைதான் உண்டு. உறக்க மாத்திரை எழுதித் தரப்படுகிறது. மதுவோடு அம்மாத்திரை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை, ஏனெனில் மதுவைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கம்பத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பயணம் செய்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றாலும், கதவுக்கு உள்ளே உறவினர் நிற்கும் வரை நிலை இதுவே.

அச்சத்தால் மறைப்பது நோயை வளர்க்கும். கடமையால் காக்கப்படும் மறைவு நோயைத் தீர்க்கும். ஊருக்கு அஞ்சி ஒளித்து வைத்ததை ஒருவரிடமேனும் வெளிவிட்டால்தான் அவள் பிழைப்பாள். அவ்வொருவர் அதை அவளுடைய தந்தையிடமும் தரகரிடமும் கொண்டுபோகமாட்டார் என்ற உறுதி இருந்தால்தான் அவள் வெளிவிடுவாள். 2024 மார்ச் 11இல் உச்சநீதிமன்றம் கீழ்நீதிமன்றங்களுக்கு வகுத்த நெறியின் உட்பொருளும் இதுவே. ஆட்கொணர்வு வழக்குகளில் அழைத்துவரப்படும் பெண்ணை வீட்டார் அருகில் இல்லாமல் தனியே சந்தித்துக் கேட்க வேண்டும், ஆலோசனை என்ற பெயரில் அவளுடைய ஈர்ப்பை மாற்ற முயலக் கூடாது என்று அது நீதிபதிகளுக்கே அறிவுறுத்திற்று. நீதிபதிக்கு விதித்தது மருத்துவருக்கும் செவிலியருக்கும் பொருந்தாதா?

'இதெல்லாம் நம் பண்பாடா?' என்று கேட்போருக்கு இரண்டு சொல்வோம். பெண் மதுவைத் தொடுவதே தமிழ்மரபுக்கு ஏலாதது என்போர் புறநானூற்றைப் புரட்டட்டும். அதியமானோடு கள்ளைப் பகிர்ந்துண்டதை ஔவையார் தாமே அங்கே பாடியிருக்கிறார். இரண்டாவது, கசப்பானது. இதே வட்டாரத்தில் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 2001இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தேனிக்கும் விரிவாக்க வேண்டியிருந்தது. பெண்ணைப் பெறுவதே பாரம் என்று எண்ணியதும் அன்று பண்பாட்டின் பெயரால்தான் நடந்தது. அதைக் கைவிட வேண்டும் என்று கற்றுக்கொண்ட மண் இது. பிழைக்கவைத்த மகளை வாழவிடவும் கற்றுக்கொள்ளும்.

பெற்றோரின் துயரை நாம் எள்ளவில்லை. ஊர்ப்பேச்சின் கூர்மையை அறிவோம். பிள்ளையை ஏற்பது ஒரே இரவில் கைகூடுவதன்று. ஏற்க முடியாத நாளிலும் அடிக்காமல் இருக்க முடியும், கைபேசியைப் பறிக்காமல் இருக்க முடியும், அவசரத் திருமணத்தைத் தள்ளிப்போட முடியும், மந்திரவாதியிடம் கொண்டுபோகாமல் இருக்க முடியும். அவை ஒவ்வொன்றும் உயிர்காக்கும் செயல்.

ஆட்சியினர் செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. பெரியகுளம் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், க.விலக்கிலும், கம்பம் அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு பெண்ணையும் சிறிது நேரமேனும் தனியே கேட்பது எழுத்துவடிவிலான விதியாக வேண்டும். அங்கே மதுவைப் பற்றிய கேள்வி பழிச்சொல் இல்லாமல் கேட்கப்பட வேண்டும். பெண்களுக்கெனத் தனிப்படுக்கையும் பெண் ஆலோசகரும் உள்ள குடிநோய்ச் சிகிச்சை, மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். மறுவாழ்வு மையங்களின் பதிவையும், அங்குள்ள பெண்கள் எவ்வாறு சேர்க்கப்பட்டார்கள் என்பதையும் மாவட்ட ஆட்சியர் ஆய்வு செய்ய வேண்டும். தன்பால், இருபால் ஈர்ப்புடையோர் உள்ளிட்ட பால்புதுமையினரைத் துன்புறுத்தலாகாது என்று 2022இல் காவலர் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்ட திருத்தம், மகளிர் காவல்நிலையங்களின் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். மூன்றாம் பாலினத்தவருக்கென 2025இல் மாநிலக் கொள்கை கண்ட அரசு, தன்பால், இருபால் ஈர்ப்புடையோருக்கும் அத்தகைய காப்பை வகுக்க வேண்டும். கல்லூரி விடுதிகளிலும் ஆலை விடுதிகளிலும் 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணும், 104 என்ற மாநில உதவி எண்ணும், 181 என்ற மகளிர் உதவி எண்ணும் எழுதிவைக்கப்பட வேண்டும். பெயர் சொல்லாமலும் பேசலாம் என்பதும் அதன் கீழே எழுதப்பட வேண்டும்.

குடி நோயென்றால் மருந்து தருக. சோர்வு நோயென்றால் அதற்கும் தருக. காதல் நோயன்று. அதற்கு மருந்து தேடுவோர் மேற்சொன்ன இரண்டு நோய்களையும் தாமே உண்டாக்குகிறார்கள். தேனியின் மருத்துவரும் காவலரும் பெற்றோரும் இந்த வேறுபாட்டை உணர்ந்து நடக்கவில்லையென்றால், நேரும் ஒவ்வொரு சாவுக்கும் விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்களே.